பொம்மை கேமராவும் புகைப்பட நூல்களும்: ரோலும் பணமும் வீணாகும் இடங்கள்

பொம்மை கேமராவில் எடுக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். பிளாஸ்டிக் கேமராதானே, எப்படி வந்தாலும் அழகுதான் என்பார்கள். ஓரம் இருண்டால் அழகு, ஒளி கசிந்தால் இன்னும் அழகு. பாதி சரிதான். ஆனால் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்த 12 படங்களில் எந்த அழகும் இருக்காது. என் முதல் ரோல் அப்படித்தான் போனது.

1982இல் ஹாங்காங்கில் அறிமுகமான ஹோல்கா என்ற பொம்மை கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. மூடி போட்டிருந்தாலும் அதில் காட்சி பளிச்சென்றுதான் தெரியும். நான் இப்போதெல்லாம் மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஏமாற்று, லென்ஸுக்குக் கீழே இருக்கும் சின்ன விசை. ‘என்’ (N) என்றால் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, சட்டென்று திறந்து மூடும்; ‘பி’ (B) என்றால் அழுத்திக்கொண்டிருக்கும் வரை திறந்தே இருக்கும். பையில் உரசி அது நகர்ந்துவிடும், நமக்குத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த ரோல் முழுக்க வெளுத்து, கலங்கி வரும். ஒவ்வொரு முறை கேமராவை வெளியே எடுக்கும்போதும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில், மேகம் என்று படம் போட்ட இன்னொரு விசையும் உண்டு. பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே அளவு வெளிச்சம்தான் உள்ளே போகும்! அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது? ஃபிலிமை வைத்துத்தான். ஒளியை உணரும் திறனைச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமை வாங்கி மாலை நேரத்தில் எடுத்துவிட்டு, ஃபிலிம் கழுவிய ‘லேப் கெடுத்துவிட்டது’ என்று திட்டுவது வழக்கமான கதை. லேப் மேல் பழி இல்லை. 400 ஐஎஸ்ஓ நெகட்டிவ் ஃபிலிம் போடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். குறைவான வெளிச்சத்தைத்தான் பொறுக்காது. ஸ்லைடு ஃபிலிமுக்கு அந்தப் பெருந்தன்மையும் கிடையாது. அதைப் பொம்மை கேமராவில் போடுவது கையில் காசு மிஞ்சியவர்களின் விளையாட்டு.

ஹோல்காவில் போடும் 120 என்ற அகலமான ஃபிலிமைக் கையாளுவதில்தான் அதிகம் சொதப்புகிறோம். அதற்கு உலோக டப்பா கிடையாது. காகிதம் சுற்றிய சுருள் மட்டுமே. அதனால் நிழலில் நின்று மாட்ட வேண்டும், நிழலில் நின்று கழற்ற வேண்டும். எடுத்து முடித்த சுருள் தொளதொளவென்று பருத்திருந்தால் ஓரங்களில் வெளிச்சம் புகுந்துவிடும். ஃபிலிம் சுற்றும் ஸ்பூலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டையோ ஸ்பாஞ்சையோ செருகி வைத்தால் சுருள் இறுக்கமாகவே சுற்றும். கேமராவின் பின்மூடி கழன்று விழுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். கறுப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒளிக்கசிவு வேண்டுமென்றால் எப்போது வேண்டும் என்று நாம் தீர்மானிப்பது நல்லது.

பின்பக்கச் சிவப்பு ஜன்னலில், ஒரு ரோலில் எத்தனை படம் என்பதைக் குறிக்க, 12, 16 என்று இரண்டு இடங்கள் இருக்கும். உள்ளே 12 படங்களுக்கான சதுரச் சட்டத்தை மாட்டிவிட்டு, அம்புக்குறியை 16இல் வைத்தால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எடுத்ததும் ஃபிலிமைச் சுற்றிவிடும் பழக்கம் இல்லையென்றாலும் இதே கதிதான். நீங்கள் சுற்றாவிட்டாலும் ஷட்டர் அடுத்த முறை அடிக்கும். இது எதையும் தடுக்காத கேமரா.

விமானத்தில் போகிறவர்கள் கழுவாத ஃபிலிமைச் செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கே எக்ஸ்ரே அதைக் கெடுத்துவிடும். கைப்பையைப் பார்க்கும் இடத்திலும் இப்போது ஃபிலிமைக் கெடுக்கும் சிடி ஸ்கேனர்கள் வந்துவிட்டன. கையால் சோதிக்கும்படி கேட்டுப் பாருங்கள்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். பொம்மை கேமரா, புகைப்பட நூல் இரண்டும் ஒரே ஆளுக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் நான்சி ரெக்ஸ்ராத்தின் ‘அயோவா’ போதும். 1977இல் வந்த நூல். எல்லாம் டயானா என்ற பொம்மை கேமராவில் எடுத்த படங்கள். பெயர் அயோவா என்ற அமெரிக்க மாநிலத்துடையது என்றாலும் படங்களில் பெரும்பாலானவை இன்னொரு மாநிலமான ஒஹாயோவில் எடுத்தவை. சிறுவயதில் போய்வந்த அயோவாவின் நினைவுதான் தலைப்பாயிற்று. மங்கலான லென்ஸ் அங்கே குறையாகத் தெரியவில்லை. நினைவும் அப்படித்தானே மங்கலாக இருக்கிறது?

இப்படிப்பட்ட நூலைப் பார்க்கும்போது செய்யும் தவறு, நடுவில் எங்கேயோ திறந்து ‘நல்ல படம்’ தேடுவது. புகைப்பட நூலில் படங்களின் வரிசைதான் எழுத்து. முதல் பக்கத்திலிருந்து, வெற்றுப் பக்கங்களையும் விடாமல், ஒரே மூச்சில் பாருங்கள். அப்புறம்தான் தனிப்படங்கள்.

நூல் வாங்குவதில் பெரிய பொறி, சிறந்த நூல்கள் என்று யாரோ போட்ட பட்டியல். புகைப்படக்காரர் மார்ட்டின் பாரும் விமர்சகர் கெர்ரி பேட்ஜரும் எழுதிய புகைப்பட நூல் வரலாற்றின் முதல் தொகுதி 2004இல் வந்தது. அதில் இடம்பெற்ற நூல்களின் விலை எகிறியது. பட்டியல் நல்லதுதான், தேடத் தொடங்க உதவும். ஆனால் தனக்குப் பிடிக்காத புத்தகத்தை இன்னொருவர் பட்டியலுக்காக வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

‘முதல் பதிப்பு’ என்ற சொல்லையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பாதீர்கள். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூல் 1958இல் பாரிஸில் பிரெஞ்சில் வந்தது. அமெரிக்கப் பதிப்பு 1959இல். விற்பவர் எதைச் சொல்கிறார்? மேலுறை இருக்கிறதா, ஏதாவது பக்கம் போயிருக்கிறதா, இது பின்னால் வந்த மறுபதிப்பா? பதிப்பு விவரப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்த்து ரசிக்கத்தான் வேண்டுமென்றால் மறுபதிப்பு தாராளமாகப் போதும். அச்சு சில சமயம் பழையதைவிட நன்றாகவே இருக்கும்.

வைத்துக்கொள்வதில் வெயிலும் ஈரமும்தான் எதிரி. ஜன்னலோர அலமாரியில் முதுகுகள் வெளுத்துவிடும். கனமான பெரிய நூலை நிறுத்தி வைத்தால் உள்தாள்கள் தொங்கிக் கட்டு தளரும்; படுக்கப் போடுங்கள். கிழிந்த மேலுறைக்கு சாதாரண டேப் ஒட்டவே கூடாது. பின்னாளில் பசை மஞ்சளாகி, கிழிசலைவிட அசிங்கமாகத் தெரியும். வெள்ளைக் கையுறையும் தேவையில்லை. கழுவித் துடைத்த கை போதும்.

லேப்பில் ‘ஸ்கேன் மட்டும் போதுமா?’ என்று கேட்பார்கள். போதும் என்று சொல்லிவிட்டு நெகட்டிவை, அதாவது கழுவிய ஃபிலிமை, அங்கேயே விட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் இரண்டு முறை விட்டிருக்கிறேன். சொந்தமாகச் சின்னப் புத்தகம் ஒன்று செய்யலாம் என்று பிரிண்டுகளைத் தரையில் பரப்பி அடுக்கியபோது, நடுவில் பெரிதாக வர வேண்டிய ஒரு படத்துக்கு கையில் இருந்தது சின்ன ஸ்கேன் மட்டும்தான். அந்த இடம் இன்னும் வெற்றுப் பக்கமாகவே இருக்கிறது.