கேட்காமல் போன உதவிகள்: பெருந்தொற்றுக் காலத்தில் டர்பன் பெற்றோர் செய்த தவறுகள்

2020 மார்ச் 18-ஆம் தேதி தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த வாரமே ஊரடங்கு. ஏப்ரல் 21-ஆம் தேதி அதிபர் சிரில் ராமபோசா 500 பில்லியன் ராண்ட் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். தொகை பெரிதுதான். ஆனால் அதில் தன் வீட்டுக்கு என்ன வரும், அதை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பது பலருக்கும் தெரியவில்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் நம் குடும்பங்கள் கோட்டை விட்டது புதிதாக அறிவித்த திட்டங்களை மட்டுமல்ல. பல வருஷமாகச் சட்டத்தில் இருந்த ஓர் உரிமையைக் கேட்காமல் விட்டதுதான் பெரிய நஷ்டம் என்பேன். பள்ளிக் கட்டண விலக்கைத்தான் சொல்கிறேன்.

நாட்டில் ஏழ்மையான பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் கட்டணமே கிடையாது. ஆனால் பழைய இந்தியப் பகுதிகளின் பள்ளிகளில் பல, கட்டணம் வாங்கும் வரிசையில் வருகின்றன. பள்ளி இருக்கும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. உள்ளே படிக்கும் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு வேலை போனாலும் பள்ளி பில் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. ஊரடங்கில் பள்ளி மூடியிருக்கிறதே, கட்டணம் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டவர்கள் நிறைய. முதல் தவறு அதுதான். ஆண்டுக் கட்டணம் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய ஒன்று. கதவை மூடியதால் அது ரத்தாகிவிடாது. சும்மா இருந்தால் பாக்கி ஏறும்; எழுதிக் கேட்டால் குறையவோ முழுதாக நீங்கவோ வழி உண்டு.

1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டமும் 2006-ஆம் ஆண்டு விலக்கு விதிகளும் சொல்வது இதுதான். கட்டணத்தையும் பள்ளி கேட்டு வாங்கும் கூடுதல் தொகைகளையும் கூட்டுங்கள். பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் அது 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையில் என்றால், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து ஒரு பகுதி விலக்கு. இந்தக் கணக்கில் பலர் கூடுதல் தொகையை விட்டுவிடுகிறார்கள். ஓர் உதாரணம்: வருமானம் வருஷத்துக்கு 60,000 ராண்ட், கட்டணம் 5,500. இதை மட்டும் போட்டால் 9 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது பகுதி விலக்குதான். விளையாட்டு, பயணம் என்று பள்ளி வாங்கிய 700 ராண்டையும் சேர்த்தால் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும், முழு விலக்கு. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஆயாக்கள் (பாட்டிகள்) சொல்வது சும்மா இல்லை.

போன வருஷம் நல்ல சம்பளம், இந்த வருஷம் வேலை இல்லை, அப்போது என்ன செய்வது? கணக்குப்படி தகுதி வராவிட்டாலும், தன் கையில் இல்லாத காரணத்தால் கட்ட முடியவில்லை என்று காட்டினால் நிபந்தனையுடன் கூடிய விலக்கு கேட்கலாம். பெருந்தொற்றுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர்களுக்கும் இதே விதிதான். ஆனாலும் 'நமக்குக் கிடைக்காது' என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

கூச்சமும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பள்ளிக் கட்டடம் எழுப்பி, மீதியை அரசிடம் வாங்கியவர்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பக்கத்துத் தெருக்காரரிடம் வருமானச் சான்றை நீட்டத் தயக்கம் வருவது புரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர்களும் அரசுப் பங்கைக் கேட்டுத்தானே வாங்கினார்கள்?

வாய்ப்பேச்சோடு நிற்பது அடுத்த தவறு. தலைமையாசிரியரிடம் நிலைமையைச் சொன்னேன், சரி பார்க்கலாம் என்றார் என்பது விண்ணப்பம் ஆகாது. படிவத்தை நிரப்பி நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். 30 நாளுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால், மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒரு தடவை கிடைத்த விலக்கு அடுத்த வருஷத்துக்குத் தானாகத் தொடராது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளையின் பெயரில் சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவித்தொகை வாங்குபவர்கள் இந்தச் சதவீதக் கணக்கே போட வேண்டாம். சான்றைக் கொடுத்தால் போதும், முழு விலக்கு. பிரிந்து வாழும் தாய், கணவர் வருமான விவரம் தர மறுக்கிறார் என்பதற்காக ஒதுங்கிவிட வேண்டியதில்லை. 2017-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கட்டணம் பாக்கி என்று ரிப்போர்ட்டைப் பிடித்து வைப்பது, வகுப்பில் சேர்க்காதது, சாப்பாட்டு வரிசையிலிருந்து விலக்குவது எல்லாமே சட்டத்துக்கு விரோதம். விலக்குக்குத் தகுதி உண்டா என்று பார்க்காமல் பள்ளி கோர்ட்டுக்குப் போகவும் முடியாது. இவையெல்லாம் அரசுப் பள்ளிக்கு மட்டும். தனியார் பள்ளிக்கு இந்த விதிகள் பொருந்தாது.

சாப்பாட்டு விஷயத்தில் முதலில் தவறியது அரசுதான். 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நம்பியிருந்த பள்ளி உணவுத் திட்டம், பள்ளி மூடியதோடு நின்றுபோனது. 2020 ஜூன் 8-ஆம் தேதி 7-ஆம், 12-ஆம் வகுப்புகள் திறந்த பிறகும் வீட்டில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு வழியில்லை. கல்வி உரிமைக்காகப் போராடும் இக்குவல் எஜுகேஷன் அமைப்பும் லிம்போப்போ மாகாணத்தின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் வழக்குப் போட்டன. பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு கொடுக்க வேண்டும் என்று ஜூலை 17-ஆம் தேதி உத்தரவு வந்தது. அதன் பிறகும், வகுப்பு இல்லாத நாளில் பிள்ளையை அனுப்பாமல் விட்ட வீடுகள் உண்டு. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அப்புறம் சாசா கிராண்டுகள், அதாவது உதவித்தொகைகள். இங்கே விதி அடிக்கடி மாறியதுதான் வம்பு. 2020 மே மாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் 300 ராண்ட் கூடுதலாக வந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை கூடுதல் தொகை 500 ராண்ட், ஆனால் பிள்ளைக்கு அல்ல, பராமரிப்பவருக்கு. மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் கூடுதலாக வந்த 900 அடுத்த மாதம் 500 ஆனது. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி, தெரியாத ஆளிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுப்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் நடக்கும். விதி மாறியதா என்று முதலில் விசாரியுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. காசு கேட்கிறவன் ஏமாற்றுக்காரன்.

பிள்ளை உதவித்தொகை அம்மாவுக்கு மட்டும்தான் என்பதும் தவறான எண்ணம். உண்மையில் வளர்ப்பவர் யாரோ அவர் கேட்கலாம். பென்ஷன் வாங்கும் ஆயா பேரனை வளர்த்தால், வருமான வரம்புக்குள் இருந்தால், அவருக்கும் உண்டு.

வேலையும் வருமானமும் இல்லாதவர்களுக்கான மாதம் 350 ராண்ட் கிராண்ட் 2020 மே மாதம் தொடங்கியபோது, பிள்ளைக்காக உதவித்தொகை வாங்கிய வேலையில்லாத தாய்களுக்கு அது கிடையாது. 2021 ஆகஸ்டில் மறுபடி கொண்டுவந்தபோது அவர்களையும் சேர்த்தார்கள். பழைய விதியையே நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்தவர்களுக்கு எத்தனை மாதம் போயிற்றோ.

இந்த கிராண்டுக்கு மறுப்பு வந்தால் காரணத்தைப் படியுங்கள். யூ.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பதிவில் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டினால், பழைய முதலாளி நீங்கள் விலகியதைத் தெரிவிக்கவில்லை என்று அர்த்தம். முதலில் அவரைப் பிடியுங்கள். வருமானம் உண்டு என்று வந்தால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் முதல் மாதம் 624 ராண்ட் தான் வரம்பு. அண்ணன் மளிகைக்கு அனுப்பிய பணமும் வருமானமாக எண்ணப்படலாம். இந்தத் தகுதியை மாதாமாதம் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். ஆகவே மறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். புதிதாக விண்ணப்பம் போட்டால் விட்டுப்போன மாதங்களின் பணம் திரும்பி வராது.