செகண்ட் ஹேண்ட் லாரி: டேஷ்போர்டில் மஞ்சள் லைட், மேட்டில் இழுவை இல்லை, எங்கிருந்து பார்ப்பது?

வெறும் வண்டியாக ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் மாங்காயோ பர்கூரில் கிரானைட்டோ ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி மேட்டில் ஏறும்போது கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டி வந்து, அதே நேரம் செக் இன்ஜின் லைட்டும் எரிய ஆரம்பித்தால்தான் வாங்கின வண்டியின் லட்சணம் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற நாலு பேரில் ஒருவராவது "டர்போ போச்சுண்ணா" என்று, அதாவது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற பாகமே போய்விட்டது என்று சொல்வார். உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். இழுவை குறைந்து வருகிற வண்டிகளில் நிறைய, கிழிந்த ஹோஸ், அடைத்த ஃபில்டர், தளர்ந்த எர்த் என்று சின்னச் செலவில் முடிகிறவைதான். அதைப் பார்க்காமல் பெரிய பார்ட்ஸை மாற்றினால் பணமும் போகும், லைட்டும் அப்படியே எரியும்.

முதலில் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பிஎஸ்4, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்று புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பிஎஸ்6 என்றால் டிபிஎஃப் (புகையிலிருக்கிற கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), பெரும்பாலும் யூரியா (புகையைச் சுத்தம் செய்யும் கரைசல்), கூட்டம் கூட்டமாக சென்சார் எல்லாம் இருக்கும், ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழுது எண்ணைப் படிக்கும் கருவி) இல்லாமல் வேலை நடக்காது. கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்ப் வண்டி என்றால் ஸ்கேனர் தேவையில்லை, கீழே காற்று, டீசல் பற்றிச் சொல்வது போதும்.

இனி லைட். வண்டி வாங்கும்போதே செய்ய வேண்டியது இது: சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில், சார்ஜ், செக் இன்ஜின், ஏபிஎஸ் எல்லா லைட்டும் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். செக் இன்ஜின் லைட் சாவி போட்டபோதுகூட எரியவே இல்லை என்றால் வண்டி சுத்தம் என்று அர்த்தம் இல்லை, யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது பின்னால் டேப் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு வேலையும் நடக்கும், காலையில் ஸ்கேனரில் கோடை (பழுது எண்ணை) அழித்துவிட்டு மதியம் வண்டியைக் காட்டுவார்கள். நிறைய ஸ்கேனர்களில் "கோடு அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டர்" என்று ஒரு கணக்கு வரும். அதில் பத்து, இருபது என்று இருந்தால் ஏன் அழித்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டுவதுதான் முதல் வேலை. ஆயில் பிரஷர் சிவப்பு என்றால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள், பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் கிராங்க் பேரிங் போய்விடும். வெப்பம் சிவப்புக்குப் போனால் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பிரேக் ஏர் பிரஷர் சிவப்பு என்றால் காற்று ஏறி லைட் அணையும் வரை நகரவே கூடாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள், தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று அங்கே நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சளோடு சேர்த்து இழுவையும் சட்டென்று குறைந்து, ஆர்.பி.எம். ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றால் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) தானாகவே பவரைக் குறைத்திருக்கிறது, அதுதான் லிம்ப் மோடு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச தூரம் நன்றாக இழுத்து, மேடு வந்ததும் மறுபடி லைட் எரிந்து படுத்துக்கொண்டால் பெரும்பாலும் இசியூ எதையோ பார்த்துப் பயந்து குறைக்கிறது. சாவி போட்டுப் போட்டு எடுத்தாலும் ஒரே மாதிரி மந்தமாகவே இருந்தால் அடைப்பு, கசிவு மாதிரி கையால் பிடிக்கிற பழுதைத் தேடுங்கள்.

ஸ்கேனரில் கோடு எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், அழிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள். கோடு விழுந்த நேரத்தில் ஆர்.பி.எம். என்ன, வெப்பம் என்ன, லோடு எவ்வளவு என்று இசியூ பதிந்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். சின்ன வண்டிகளில் பி0299 (டர்போ பூஸ்ட் குறைவு), பி0087 (ரெயிலில், அதாவது நாசில்களுக்கு டீசல் கொடுக்கிற பொதுக் குழாயில், பிரஷர் குறைவு), பி2002 (டிபிஎஃப் சரியாக வேலை செய்யவில்லை), பி20ஈஈ (யூரியா அமைப்பு புகையைச் சுத்தம் செய்வது போதவில்லை) மாதிரி வரும். பெரிய லாரிகளில் எஸ்.பி.என்., எஃப்.எம்.ஐ. என்று வேறு எண்களாக வரும். கோடு பழுது எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும், எந்தப் பார்ட்ஸ் என்று சொல்லாது. பி0299 வந்தது என்று டர்போவை மாற்றியவர் பிறகு இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸில் ஓட்டையைப் பார்ப்பது புதிய கதை இல்லை.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து லைட் எரிந்தால் சென்சார்களை விட்டுவிட்டு பேட்டரிக்குப் போங்கள். 24 வோல்ட் வண்டியில் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை, 12 வோல்ட் வண்டியில் 14 சொச்சம் காட்ட வேண்டும். குறைந்தால் டைனமோ, பெல்ட். சரியாக இருந்தால் பேட்டரி முனையையும் சேசிஸில் இறங்குகிற எர்த் பட்டையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். வோல்டேஜ் தடுமாறினால் இசியூ பொய்க் கோடுகளாக அடுக்கும்.

இப்போது இழுவை. இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் மூன்று விஷயம். ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள் (தொடாதீர்கள்), ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த வீலில் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. வண்டி 80க்கு மேல் ஏறவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் அது பழுதே இல்லை, ஸ்பீடு கவர்னர்.

காற்று வருகிற பாதையை முதலில் பாருங்கள், ஏனென்றால் கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரித் தூசியில் ஓடுகிற வண்டியின் ஏர் ஃபில்டர் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை தாங்காது. ஃபில்டரைக் கழற்றித் தட்டி, காற்று அடித்து மறுபடி போடுவது இங்கே எல்லோரும் செய்வது, ஆனால் அதிக பிரஷரில் அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அந்த வழியாகப் போகிற தூசி டர்போ பிளேடையும் லைனரையும் தேய்த்துவிடும், புது ஃபில்டர் அதைவிட மலிவு. அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து மேனிபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகிற குழாய்) வரை ஒவ்வொரு ஹோஸையும் வளைத்து, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஓட்டை அடியில்தான் ஒளிந்திருக்கும். எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய இடம், கிளாம்ப் பக்கத்தில் கருப்புக் கோடு, மேட்டில் "உஸ்" சத்தம், கூடவே கருப்புப் புகை இவையெல்லாம் சேர்ந்தால் ஹோஸ்தான். ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் மட்டும் டர்போவுக்கு வாருங்கள். இன்ஜின் நின்று, ஆறிய பிறகு ஷாப்டை விரலால் ஆட்டுங்கள், பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், முன்பின்னாக ஆடினாலோ பிளேடு உறையில் உரசினாலோ போய்விட்டது.

டீசல் பக்கத்தில் வரும் பழுதுக்கு அடையாளம் தனி. ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்கும், சமதளத்தில் ஓடும், லோடோடு மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும், புகையும் பெரிதாக இருக்காது. வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பழைய வண்டி என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். மாற்றும்போது புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள், ஃபில்டர் ஆகாத அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும், கைப் பம்பை அடித்தே நிரப்புங்கள். இழுவை குறைந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்ததும் "ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, அப்புறம் வண்டி நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவே இல்லாத பழுது. அதுவும் இல்லையென்றால் டேங்க்கிலிருந்து வருகிற லைனில் தற்காலிகமாக ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூப் போட்டு, குமிழ் வருகிறதா பாருங்கள், வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டியில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் (மேலே சொன்ன பொதுக் குழாய் உள்ள) வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே சில நூறு பார், முழு லோடில் ஆயிரத்து ஐநூறைத் தாண்டுகிற பிரஷர் அது, டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கிவிடும், கைவிரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். நாசில் சரியா என்று பார்க்க ரிட்டர்ன் டியூப்களை ஒரே மாதிரி பாட்டில்களில் விட்டு, ஒன்றில் மட்டும் வேகமாக நிரம்புகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

மறந்துபோகிற இடம் சைலன்சர் பக்கம். எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டர்ஃபிளை (புகைக் குழாயை மூடுகிற தட்டு) பாதி மூடியபடி சிக்கிக்கொண்டால் வண்டி எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. அடியில் போய் லீவரைக் கையால் அசைத்தால் தெரிந்துவிடும். ஈஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) திறந்தபடி கரியில் ஒட்டிக்கொண்டாலும் கருப்புப் புகையோடு இதே கதைதான்.

பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் தனி விஷயம். கரியை எரிக்க அதற்கு 550, 600 டிகிரி வெப்பம் வேண்டும். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் மணிக்கணக்கில் ஐடிலில் நின்று, நகர்ந்து, நின்று, பக்கத்துத் தோப்புக்கே மறுபடி லோடுக்குப் போனால் அது சூடாகவே ஆகாது, கரி சேர்ந்துகொண்டே போகும். டிபிஎஃப் லைட் எரிந்த முதல் நாளே ஹைவேயில் ஒரே சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். தள்ளிப்போட்டால் லிம்ப் மோடு, அப்புறம் ஸ்கேனரில் ரீஜென் (கரியை எரித்து டிபிஎஃபைச் சுத்தம் செய்வது) போட வேண்டும். நிறுத்தி ரீஜென் போடும்போது கீழே காய்ந்த புல், வைக்கோல் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூரியா லைட் எரிந்தால் வயலுக்கு வாங்கிய மூட்டையைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனையை யாராவது சொல்வார்கள். வண்டிக்கு வேண்டியது சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா. உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது, அது பம்பையும் நாசிலையும் அடைத்துவிடும். யூரியா நாசில் பக்கத்தில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் வெந்நீரில் கழுவிப் பாருங்கள், சென்சார் மாற்றுவது அப்புறம். "டிபிஎஃபை வெட்டி எடுத்துவிடலாம், யூரியாவை சாஃப்ட்வேரில் நிறுத்திவிடலாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். புகைச் சான்றிதழிலும் எஃப்சியிலும் மாட்டினால் நிற்பது வண்டி ஓனர்தான். வாங்கப்போகிற வண்டியில் யாராவது ஏற்கெனவே வெட்டியிருக்கிறார்களா என்று டிபிஎஃப் உறையில் புது வெல்டிங் தழும்பைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, வெறும் வண்டியில் ஷெட்டைச் சுற்றி வந்து திருப்திப்படாதீர்கள். லோடு ஏற்றி, மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரை மாட்டியபடியே சூளகிரி மேட்டில் ஏறுங்கள். பூஸ்டும் ரெயில் பிரஷரும் இசியூ கேட்கிற அளவுக்கு வருகிறதா என்று அவரே திரையில் பார்க்கட்டும். பில்லில் பாக்கியை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.