நன்னடத்தை அலுவலரிடம் களப்பணிக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை சமூகப் பணி) களப்பணிக்கு நன்னடத்தை அலுவலர் அலுவலகம், அதாவது வழக்கில் சிக்கியவரைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுத்து, சிறைக்குப் பதிலாக வெளியே விடப்பட்டவரைக் கண்காணிக்கும் புரொபேஷன் ஆபீசரின் அலுவலகம் கிடைத்தால் நிறையப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது, மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ கிடைத்திருக்கக் கூடாதா என்று. நான் அங்கே ஒரு பருவம் முழுக்கப் போய் வந்தவள், அதனால் சொல்கிறேன்: கிடைத்தால் விடாதீர்கள்.

முதலில் சட்டம். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் மொத்தமே 19 பிரிவுதான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். 3, 4, 6 ஆகிய பிரிவுகளை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்: கண்டித்து விடுவது, சிறைக்குப் பதிலாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவது (அதிகபட்சம் 3 ஆண்டு), 21 வயது நிரம்பாதவரை முடிந்தவரை சிறைக்கு அனுப்பாமல் இருப்பது. சிறார் வழக்கென்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு 2 வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை (பையனின் குடும்பம், படிப்பு, சூழ்நிலை பற்றி விசாரித்து எழுதுவது) கொடுத்தாக வேண்டும். என் களப்பணியில் பாதிக்கு மேல் இந்த அறிக்கையைச் சுற்றியேதான் ஓடியது.

அறிக்கைக்காக வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். முதல் தடவை நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை, தெருமுனைக் கடையில் பையன் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் வழி சொல்லிவிட்டு, "என்னம்மா, கேஸ் விஷயமா?" என்றார். நானும் அலுவலரும் போய்ச் சேர்வதற்குள் எதிர் வீட்டு வாசலில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். பையனின் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு, அந்த உச்சி வெயிலில், கரண்ட் இல்லாத வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பேசி முடிக்கும் வரை அவர் கண் கதவின் மேலேயே இருந்தது. அதனால் போனிலேயே வழி கேட்டுக்கொள்ளுங்கள், அட்டையைப் பைக்குள் வையுங்கள், யாராவது கேட்டால் காலேஜிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. தனியாக மட்டும் போகாதீர்கள்.

அப்புறம் எழுதுவது. இதில்தான் நான் அதிகம் திட்டு வாங்கினேன், அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். "பையன் ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அலுவலர் அதை அடித்துவிட்டு, "நீ என்ன பார்த்தே, அதைச் சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தால், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினான், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதச் சொன்னார். நீங்கள் கண்ணால் பார்த்தது, அம்மா சொன்னது, பள்ளியில் சொன்னது, மூன்றையும் கலக்காமல் யார் சொன்னது என்று குறித்து எழுதுங்கள். பரிந்துரையிலும் "நல்வழிப்படுத்தலாம்" என்று பொதுவாக முடிக்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு குழுமம் என்ன செய்ய முடியும்? அந்தப் பையன் எட்டாவது தேறியவன், பள்ளியிலிருந்து டி.சி. வாங்காமலேயே கிடந்தது. டி.சி. வாங்கினால் ஐ.டி.ஐ.-யில் வெல்டர் பிரிவில் சேரலாம் என்று எழுதினோம். இப்படி நாளைக்கே செய்யக்கூடியதாக ஒன்று இருக்கட்டும்.

இளைஞர் நீதிக் குழுமம் கோர்ட் மாதிரி இருக்காது. ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், மேடையோ சாட்சிக் கூண்டோ கிடையாது. அங்கே உட்கார அனுமதி கிடைத்தால் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள், குறிப்பை வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம். "கைதி", "குற்றவாளி" என்ற வார்த்தைகள் சிறார் விஷயத்தில் வாயில் வரவே கூடாது.

காலேஜில் கொடுக்கும் களப்பணி நோட்டில் பெயர், தெரு, பள்ளி எதுவும் வேண்டாம். சிறாரின் அடையாளத்தை ஊடகத்தில் எந்த வடிவிலும் வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கூர்நோக்கு இல்லத்து (விசாரணை முடியும் வரை சிறாரைத் தங்கவைக்கும் இடம்) வாசல் போட்டோகூடப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. களப்பணி முடியப்போகிறது என்பதைக் கடைசி நாளில் சொல்லாதீர்கள். நான் இரண்டு வாரம் முன்னாடியே சொன்னேன், அப்படியும் அந்தப் பையன், "அடுத்த செவ்வாய் வருவீங்கள்லக்கா?" என்று கேட்டான். வர மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டு, இனி யாரிடம் பேச வேண்டும் என்று அந்த அலுவலரின் நம்பரை அவன் அம்மாவின் போனில் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன்.