பழைய காரின் கூலன்ட் ஒழுக்கை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பழைய கார்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறப்பதே 82 முதல் 88 பாகைக்குள்தான். மிஞ்சும் அந்தச் சிறு இடைவெளியை அகலப்படுத்துவன எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் கலவையும் ரேடியேட்டர் மூடி தாங்கிப் பிடிக்கும் அமுக்கமுமே. எங்கேனும் கசிந்தால் அமுக்கம் நிற்காது. அது நிற்காவிட்டால், கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கோ றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கோ சிறிய கியரில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். ஆகவே, வழியில் பீலித் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம் என்று சிறு ஒழுக்கைக்கூட விட்டுவைப்பது மலைநாட்டில் செய்யத் தகாதது.

இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் இயக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். குளிரில் ஹோஸ் எனும் றப்பர் குழாய் சுருங்கி, அதை இறுக்கும் கிளிப் தளர்ந்து, அந்த நேரத்தில் மட்டும் கசிந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிடும் ஒழுக்குகள் இங்கு அதிகம். மழைக்காலத்தில் தரை எப்போதும் ஈரமாகவே இருப்பதால், கூரைக்குக் கீழே காரை நிறுத்தி, அடியில் உலர்ந்த காட்போட் மட்டையொன்றை விரித்து வையுங்கள். விழுந்த துளி விரலுக்கு வழுவழுப்பாகவும் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது கூலன்ட். அந்த இடத்துக்கு நேர் மேலே, ஹோஸ் முனைகளிலும் ரேடியேட்டர் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த கறையைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்திலிருந்து சொட்டினால் உள்ளிருக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பம்பையே மாற்ற வேண்டும். எஞ்சின் ஒயில் பால்போல் வெளுத்திருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட்டை (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். அது கராஜில் செய்யவேண்டிய வேலை.

ஹோஸை மாற்றுவது வீட்டிலேயே இயலும். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. பீறிடும் நீராவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆறிய பின் கூலன்டை ஒரு பேசினில் வடித்தெடுங்கள். கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைகோல் இனிப்பான நஞ்சு என்பதால் பிள்ளைகளும் நாய்களும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கானில் ஊற்றினால் மஸ்கெலியா ஓயாவுக்கோ கொத்மலை ஓயாவுக்கோதான் போய்ச் சேரும், ஆகவே மூடியுள்ள கலனில் சேர்த்து வையுங்கள். இறுகிப்போன ஹோஸைத் திருகி இழுத்தால் ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டும் மெல்லிய கழுத்து பிளந்துவிடலாம். பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரிப்பதே பாதுகாப்பு. ஒரு ஹோஸ் போனாலும் ரேடியேட்டர் தப்பும்.

உரித்ததும் கழுத்தை உற்றுப் பாருங்கள். அலுமினியக் கழுத்தில் சுண்ணாம்புப் பூச்சுப்போல வெண்பொருக்கு படிந்திருக்கும். புது ஹோஸ் போட்டும் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மெல்லிய உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள். தேய்த்த பின்னும் குழிகள் ஆழமாகத் தெரிந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். பழைய ஹோஸைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே வளைவுள்ளதை வாங்குங்கள். நேரான குழாயை வளைத்துப் போட்டால் மடிந்து நீரோட்டம் தடைப்படும். கழுத்தின் முனையில் வளையம்போல் உயர்ந்திருக்கும் மேட்டைத் தாண்டி ஹோஸைத் தள்ளி, மேட்டுக்குப் பின்புறமாகக் கிளிப்பை இறுக்குங்கள். றப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்குவது ஹோஸை வெட்டிவிடும்.

கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சம பங்காகக் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். காரின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தால் உள்ளே சிக்கிய காற்று எளிதில் வெளியேறும். சரிவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதே அமுக்க அளவுள்ள புது மூடி போடாமல் மலையேற வேண்டாம்.

ஒழுக்கை அடைக்கும் தூளையோ மஞ்சளையோ ரேடியேட்டரில் போடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அவை ஓட்டையை மட்டுமன்றி நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் நன்றாக ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு முறை சற்றே இறுக்கி, கூலன்ட் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.