காலையில் கண் உறுத்தலா? குறட்டையையும் விசாரியுங்கள்

எழும்போதே கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. மதியத்துக்குள் ஓரளவு தணிந்துவிடுகிறது. பழி பெரும்பாலும் செல்போன் மேல் விழும். ஆனால் திரையால் வரும் வறட்சி வழக்கமாகப் பொழுது போகப் போகத்தான் கூடும். காலையில்தான் மோசம் என்றால், இரவில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் கண்ணைச் சொக்கும் தூக்கம் இவை இருந்தால் ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறாக இருக்கலாம். கண் டாக்டரிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அப்படிச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு.

சம்பந்தம் இமையில் இருக்கிறது. ஸ்லீப் ஆப்னியா உள்ள சிலருக்கு, குறிப்பாக உடல் பருமனும் சேர்ந்தவர்களுக்கு, மேலிமை தொளதொளத்து, லேசாக இழுத்தாலே புரண்டுகொள்ளும். 1981-லேயே கண் மருத்துவர்கள் பதிவு செய்த கோளாறு இது. தூக்கத்தில் இமை தலையணையில் உரசித் திறந்துகொள்ள, கண் காய்ந்துபோகிறது. பகலிலும் தளர்ந்த இமை கண்ணோடு ஒட்டி நிற்காததால் கண்ணீர் சீராகப் பரவுவதில்லை. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளும் கெட்டால், சுரக்கிற கண்ணீரும் சீக்கிரம் ஆவியாகிவிடும். நீங்கள் ஒருக்களித்துப் படுக்கும் பக்கத்துக் கண்தான் அதிகம் உறுத்துகிறதா? நல்ல துப்பு, மறக்காமல் சொல்லுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை நாள் கணக்கில் விடாதீர்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். நிறுத்தியதும் சிவப்பு திரும்பி வரும். செயற்கைக் கண்ணீரையே ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் (பிரிசர்வேடிவ்) இல்லாத வகையைக் கேளுங்கள்.

சரி, ஸ்லீப் ஆப்னியாவுக்காக, தூங்கும்போது மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி வாங்கியாயிற்று, கண் இன்னும் காய்கிறது என்று அதைத் தூக்கிப் பரணில் போடுகிறவர்கள் உண்டு. கருவி கண்ணைக் காயவைப்பது உண்மைதான். மாஸ்கின் மேல் விளிம்பில் கசியும் காற்று நேராகக் கண்ணில் அடிக்கும். அதற்காகப் பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் மாஸ்க் நெளிந்து கசிவு கூடவும் செய்யலாம். அளவும் பொருத்தமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள், படுக்குமுன் கண்ணில் போட ஜெல் வேண்டுமா என்றும் கேளுங்கள். மூச்சுத்தடையை அப்படியே விட்டால் பாதிப்பு கண்ணோடு நிற்காது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கெடுதல்.

தூக்கம் கெடுகிறதே என்று தானாகத் தூக்க மாத்திரை போடுவதும் ஆபத்து. சில மாத்திரைகள் மூச்சுத்தடையைக் கூட்டும், சில கண்ணீரைக் குறைக்கும்.

காலையில் எழும்போது வலியே இல்லாமல் ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தால் வறட்சி என்று சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.