ரெக்கார்டு தேடி ஊருக்குப் போகிறவர்கள் முதலில் பரணில் ஏறுங்கள்

லண்டன் பெர்விக் தெருக் கடைகளில் பழைய ரெக்கார்டு (இசைத்தட்டு) வாங்கிப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தோடு சென்னையில் இறங்க வேண்டாம். லண்டனில் உறையின் மேல் தரம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சந்தேகம் என்றால் கடையிலேயே போட்டுக் கேட்கலாம். சென்னையில் தரம் பார்ப்பது உங்கள் கண்தான். நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்தான் ஓடுகிற மெஷின் இருந்தது. அதிலும் ஊசி மழுங்கிப் போயிருந்தது.

போன ஜனவரியில் எனக்கு 11 நாள் லீவு கிடைத்தது. அதில் 4 நாள் ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்து வராந்தாவில் போய்விட்டது. பார்த்த கடைகளைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த 4 நாளை விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை.

சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் மூர் மார்க்கெட். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அப்பா வேலையாகச் சென்னைக்கு வந்தால், எழும்பூரில் ரயில் ஏறும் முன் இரண்டு மணி நேரமாவது பழைய மார்க்கெட்டில் செலவழிப்பாராம். நான் பார்த்தது புது வளாகத்தை மட்டும்தான். இன்றைக்கு அங்கே யார் ரெக்கார்டு விற்கிறார்கள், எந்தக் கடை மூடிவிட்டது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக வழி சொல்வார்கள்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால், கனமான ஊசியில் ஓடி ஓடித் தேய்ந்தது என்று பொருள். அதை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. நடுத் துளையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் நிறைய இருந்தால், இருட்டில் தடவித் தடவிப் பலமுறை மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சையாக இருக்கலாம், எல்.பி. எனும் பெரிய பிளாஸ்டிக் தட்டு என்றால் மிதமான சோப்புத் தண்ணீரில் பெரும்பாலும் போய்விடும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய 78 வேகத் தட்டு வேறு ஜாதி. அது அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரையும், கை நழுவினால் உடையும். கடைசியாக, உறைக்குள் இருப்பது அந்த உறைக்குரிய தட்டுதானா என்று பாருங்கள். சினிமாக் கதை வசனம் பதிந்த ரெக்கார்டு செட்டுகளில் இரண்டாவது தட்டு வேறு படத்தினுடையதாக இருப்பதை நானே மூன்று முறை பார்த்தேன்.

அடுத்தது காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. அதை ரெக்கார்டுக் கடைத்தெரு என்று சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த சாமான்கள் வந்து சேருகிற இடம். எனாமல் தூக்கு, மரத்தூண், இரும்புப் பெட்டி, இவற்றுக்கு நடுவே 78 வேகத் தட்டுகள். மூர் மார்க்கெட்டில் படத்தின் பெயருக்கு விலை; இளையராஜா என்றாலே ஒரு விலை, எம்.ஜி.ஆர். என்றால் இன்னொரு விலை. காரைக்குடியில் தட்டின் வயதுக்கு விலை சொல்கிறார்கள். எனக்குக் காரைக்குடிதான் பிடித்தது. பர்மா, மலேயா போய்ச் சம்பாதித்தவர்களின் வீடுகளில் இருந்து வந்த தட்டுகள் அவை. ஓடியன் கம்பெனி முத்திரை கண்ணில் பட்டால் கட்டாயம் கையில் எடுங்கள். காரைக்குடிக்காரரான ஏ.வி.எம். ஸ்டுடியோ ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகளை வெளியிட்டவர். பித்தளைப் பூக்குழாய் வைத்த கிராமபோன் பெட்டியை மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். பளபளவென்று ஹெச்.எம்.வி. கம்பெனியின் நாய் படம் ஒட்டியிருப்பவற்றில் பல புதிதாகச் சேர்த்துப் பூட்டியவை. உண்மையிலேயே நூறு வயது கடந்த பொருள் என்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விமான நிலையத்தில் குறுக்கே நிற்கலாம்.

மூன்றாவது இடத்தை யாரும் சொல்வதில்லை. சின்ன ஊர்களில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய குடும்பங்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி அவர்கள் போட்ட ஈ.பி. எனும் சின்னத் தட்டுகள் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கின்றன. தேய்ந்திருக்கும், ஆனால் கடையில் கிடைக்காத படங்கள் அங்கே கிடைக்கும். விலை பேசும் முன் அந்தப் பெரியவரைப் பேச விடுங்கள்.

சரி, இனி வராந்தா.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தாத்தா கட்டிய வீட்டில் இப்போது சித்தப்பா இருக்கிறார். அப்பாவின் ரெக்கார்டுப் பெட்டி அங்கேதான் பரணில் இருக்கிறது என்று தெரியும். போய் இறங்கின அன்றே கேட்டேன். “எங்கே போகப்போகுது ஆத்தா, முதல்ல அந்தக் கையெழுத்தை முடிச்சுருவோம்” என்றார். வீட்டில் அப்பா வழியாக எனக்கு வருகிற பங்கைச் சித்தப்பாவுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு மறுப்பு இல்லை. அப்பத்தாவைக் கடைசி வரை தூக்கிக் குளிப்பாட்டியது அவரும் சித்தியும்தான். ஆனால் விமானம் ஏறும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கேட்டதும் பத்திரத்தை எடுத்தது என் மனதில் தைத்துவிட்டது.

முதல் நாள் பத்திர எழுத்தர் வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். சான்றிதழில் இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் என் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாக. வீட்டுப் பழைய பத்திரத்தில் அப்பாவின் பெயரே வேறு எழுத்தில். இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கச் சொன்னார்கள். அடுத்த நாள் அதைக் கொண்டுபோனால், பான் கார்டு எங்கே என்றார்கள். என்னிடம் இல்லை. பான் இல்லாதவர்கள் கொடுக்கும் படிவம் 60 போதும் என்று ஒருவர், போதாது என்று இன்னொருவர். அதற்குள் பொங்கல் வந்து அலுவலகம் மூடியது. திறந்த அன்று தை மாத முகூர்த்த நாள், இடம் வாங்கியவர்கள் எல்லோரும் வாசலில். எங்கள் டோக்கன் வந்தபோது சர்வர் நின்றுவிட்டது. சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் வயலில் வேலை என்று கிளம்பிவிட்டார்கள். நாலாவது நாள் மாலை நாலரை மணிக்குக் கைரேகை வைத்தேன். என் விரலை அந்தக் கருவி இரண்டு தரம் ஏற்கவில்லை. அப்பா பிறந்த ஊரில், அப்பாவின் மகள் நான்தான் என்று காட்ட எனக்கு அத்தனை காகிதம் தேவைப்பட்டது. அன்று வந்த அழுகைக்கு அந்த அலுவலகம் மட்டும் காரணம் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கையெழுத்து காத்திருக்கும். போகும் முன்பே போன் செய்து நேராகக் கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால், இங்கேயே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி நம்பகமான ஒருவருக்குப் பவர், அதாவது நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், அதை மறக்க வேண்டாம். நேரில்தான் என்றால் பெயர் வித்தியாசத்தை முதலில் சரிசெய்யுங்கள். தை மாத முகூர்த்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆடியில் பத்திரம் பதிய யாரும் விரும்புவதில்லை, ஆடிப்பெருக்கு தவிர மற்ற நாளில் கூட்டம் குறைவாக இருக்கும்.

மறுநாள் காலையில் சித்தப்பாவே ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 64 தட்டுகளில் 40க்கு மேல் அப்பளம் போல நெளிந்திருந்தன. படுக்கையாக அடுக்கியதும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. மிச்சத்தில் ஒவ்வொரு உறையின் மூலையிலும் நீல மையில் அப்பாவின் பெயர், வாங்கிய தேதி. தட்டின் நடுவே கிராமபோன் கம்பெனி, டம்டம், கல்கத்தா.

2009இல் அப்பா போனில் கேட்டார், “இந்தப் பெட்டியை நீ கொண்டுபோறியா?” “இங்கே இடம் இல்லைப்பா, யாருக்காவது கொடுத்துடுங்க” என்றேன். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் அவரும் இல்லை. அதே தட்டுகளில் ஒன்றை நான் பிறகு லண்டனில் 22 பவுண்டுக்கு வாங்கினேன்.

அதனால்தான் சொல்கிறேன், கடைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி. ஒன்று உறையோடு கால் கிலோ வரை வரும், 23 கிலோ பெட்டியில் எண்பது தாராளமாகப் போகும். வீட்டில் இருப்பதை எடுத்தபின் மிஞ்சும் இடத்துக்கு மட்டும் வாங்குங்கள். தட்டுகளை நிறுத்தி அடுக்குங்கள். 78 வேகத் தட்டுகளைக் கைப்பையில் வையுங்கள்.

நான் 19 தட்டுகளைக் கொண்டுவந்தேன். ஒரு கதை வசன செட்டைச் சித்தப்பா கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்பத்தாவுக்குக் கண் போன பிறகு அதைத்தான் தினமும் சாயங்காலம் போடச் சொல்லுமாம். அந்தச் செட்டையும் இரண்டு 78 வேகத் தட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டேன். மெஷின் ஓடுகிறது, ஊசி மட்டும் இல்லை என்றார். சென்னை ரிச்சி தெருவில் கேட்டேன், பொருந்துகிற ஊசி கிடைக்கவில்லை. லண்டனில் வாங்கி அனுப்பியிருக்கிறேன். எல்.பி.க்கு ஒன்று, 78க்கு ஒன்று. மாற்றிப் போட்டுவிடாதீர்கள் சித்தப்பா என்று போனில் இரண்டு தரம் சொன்னேன். நேற்று ராத்திரி போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் செட்டின் முதல் பக்கம் முழுவதையும் எனக்குப் போட்டுக் காட்டினார்.