இன்ஸ்பெக்டர் மோர்ஸ்: ஒளிச்சு வச்சதை எல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி

இன்ஸ்பெக்டர் மோர்ஸ்ங்கிறது ஆக்ஸ்ஃபோர்டுல கொலைகாரங்களைத் துப்பறியுற ஒரு போலீஸ்காரரைப் பத்தின பிரிட்டிஷ் டிவி சீரியல், நாவல்கள்ல இருந்து எடுத்தது. முதல்லயே சொல்லிடறேன், முதல் தடவை பார்க்கும்போது இந்த வேட்டையெல்லாம் பண்ணாதீங்க. முதல் தடவை கதையை மட்டும் பாருங்க, யாரு கொன்னான்னு மண்டைய உடைச்சுக்கோங்க. ரெண்டாவது தடவை பாருங்க, அப்பதான் இந்த வேட்டை ஆரம்பம். இந்த சீரியல் எடுத்தவங்க சும்மா இருக்கவே மாட்டாங்க, எங்க பார்த்தாலும் எதையாவது ஒளிச்சு வச்சிருப்பாங்க.

தேவையானது ஒரு ஹெட்போன், ஒரு பேப்பர், பென்சில், கையில ரிமோட். அவ்ளோதான்.

காதுல இருந்து ஆரம்பிங்க. டைட்டில் மியூசிக்ல வயலின் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே அடியில ஒரு தந்தி அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும் பாருங்க, அது சும்மா தாளம் இல்ல, நிஜமான மோர்ஸ் கோடு, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் குட்டி சத்தம் (டிட்), நீள சத்தம் (டா) வச்சு அனுப்புற தந்தி பாஷை. பேப்பர்ல எழுதிக்கிட்டே கேளுங்க: டா டா, டா டா டா, டிட் டா டிட், டிட் டிட் டிட், டிட். எம், ஓ, ஆர், எஸ், ஈ. அவரு பேரு! மியூசிக் போட்ட பாரிங்டன் ஃபெலூங் இதோட விடல, சில எபிசோட்ல பின்னணி இசைக்குள்ள கொலைகாரன் பேரையே மோர்ஸ் கோடுல வச்சிருக்காரு. "ஆஹா, அப்ப ஈஸியா கண்டுபிடிச்சிடலாமே"ன்னு கிளம்பிடாதீங்க, சில எபிசோட்ல வேணும்னே சம்பந்தமில்லாத வேற ஆள் பேரை வச்சு நம்மள ஏமாத்தவும் செஞ்சிருக்காரு. நான் டைட்டிலை மட்டும் பிடிக்கவே ஒரு ராத்திரி ஆச்சு, ஆர் வர்ற இடத்துல தப்பு தப்பா எழுதி ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி, வீட்ல இருக்கவங்க கதவை சாத்திட்டுப் போயிட்டாங்க. பின்னணி இசைல தேடுறது இதைவிட பல மடங்கு கஷ்டம், பேச்சு சத்தம் மேல ஓடிக்கிட்டே இருக்கும், அதனால டைட்டில்ல நல்லா காது பழகின அப்புறம் போங்க.

இன்னொரு கூத்து, கோடு பேரும் இன்ஸ்பெக்டர் பேரும் ஒண்ணா இருந்தாலும் பேரு வந்தது கோடுல இருந்து இல்ல. நாவல் எழுதின காலின் டெக்ஸ்டர் ராணுவத்துல தகவல் தொடர்பு பாக்குற சிக்னல்ஸ் பிரிவுல இருந்தவருதான், ஆனா பேரை எடுத்தது ஜெரமி மோர்ஸ்ங்கிற குறுக்கெழுத்துப் புலிகிட்ட இருந்து. டெக்ஸ்டரே குறுக்கெழுத்துல சாம்பியன். அதனால இந்த சீரியல்ல பேருன்னு எது வந்தாலும் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க.

அடுத்தது டெக்ஸ்டரையே தேடுறது. 1987ல இருந்து 2000 வரைக்கும் வந்த 33 எபிசோட்ல ஒரு சிலதைத் தவிர எல்லாத்துலயும் மனுஷன் எங்கயாவது ஒரு மூலையில தலையைக் காட்டியிருப்பாரு. பேசுறவங்க முகத்தைப் பார்க்காதீங்க, அவங்க தோளுக்குப் பின்னாடி பாருங்க. பப்ல பக்கத்து டேபிள், காலேஜ் விருந்து, கூட்டமா நடந்து போறவங்க, இந்த மாதிரி இடத்துல ரிமோட்டை ரெடியா வச்சுக்கோங்க. கண்ணாடி போட்ட வழுக்கைத் தலைப் பெரியவர், ரெண்டு செகண்ட் கூட இருக்க மாட்டாரு.

மோர்ஸோட கார் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், எல்லாருக்கும் தெரியும், செகப்பு ஜாகுவார் மார்க் 2, நம்பர் 248 ஆர்பிஏ. ஆனா முதல் நாவல்கள்ல மோர்ஸ் ஓட்டினது லான்சியா, டிவில ஜாகுவார் வந்த அப்புறம் டெக்ஸ்டர் புத்தகத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டாரு. அதே மாதிரி மோர்ஸ்கூடவே இருக்கிற உதவி போலீஸ்காரர் லூயிஸ், புத்தகத்துல வேல்ஸ்காரரு, வயசானவரு. டிவில அந்த வேஷத்துக்கு நடிகர் கெவின் வேட்லி வந்ததும் இளவயசு வட இங்கிலாந்து ஆளா ஆயிட்டாரு.

ஆக்ஸ்ஃபோர்டு மேப்பை பக்கத்துல வச்சுக்கிட்டு பார்க்கிறதும் ஜாலியா இருக்கும். கார் ஒரு தெருவுல திரும்பினா ஊரோட இன்னொரு கோடியில வெளிய வரும், அந்த ஊர்க்காரங்க இதைச் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. லான்ஸ்டேல் காலேஜ்னு ஒண்ணு வரும், அப்படி ஒரு காலேஜே ஆக்ஸ்ஃபோர்டுல கிடையாது, மேப்ல தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

இப்ப இளவயசு மோர்ஸ் கதையைச் சொல்ற தனி சீரியல், எண்டெவர். 2012ல ஆரம்பிச்சு 2023ல முடிஞ்சது, 36 எபிசோட். ஒரு எச்சரிக்கை, மோர்ஸோட முதல் பேரை 1997 வரைக்கும் டிவில சொல்லாம மூடி வச்சிருந்தாங்க, அதைக் கூட ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பாத்தான் அவரு வாயால சொல்ல வச்சாங்க, ஆனா இந்த சீரியலோட தலைப்பே அந்தப் பேருதான், போஸ்டர் பார்த்தாலே போச்சு. அதனால பழசைத்தான் முதல்ல பார்க்கணும்னு நான் சொல்லுவேன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பத்திரிகை ஆசிரியரா வர்ற டொரோதியா ஃப்ரேஸில். நடிச்சவங்க அபிகெயில் தா, பழைய மோர்ஸா நடிச்ச ஜான் தா இருக்காரே, அவரோட பொண்ணு. முதல் எபிசோட்ல அந்தம்மா சின்னப் பையன் மோர்ஸைப் பார்த்து நாம முன்னாடியே சந்திச்சிருக்கோமான்னு கேப்பாங்க, அவன் இல்லன்னு சொல்லுவான், அப்ப வேற ஏதோ ஜென்மத்துல போலன்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்பாகிட்ட பொண்ணு பேசுறதா நினைச்சுக்கிட்டு அந்த சீனை திரும்பப் பாருங்க. பேருலயும் விளையாட்டு இருக்கு: ஃப்ரேஸில்னா தண்ணியில உருவாகிற ஒரு வகை ஐஸ். முன்னாடி டொரோதியாவோட டி. ரெண்டையும் சேர்த்தா இங்கிலீஷ்ல டி-ஐஸ், அதாவது ஐஸை உருக்குறது. அதுக்கு அவங்க பாஷைல இன்னொரு வார்த்தை தா. ஆமா, அவங்க குடும்பப் பேரேதான்! இதை யோசிச்ச ரசல் லூயிஸ்தான் 36 எபிசோடையும் எழுதினவரு, அதனால அவரு வைக்கிற ஒரு பேரையும் லேசா விட்டுடாதீங்க.

அதே முதல் எபிசோட் கடைசில கார் கண்ணாடியை உத்துப் பாருங்க, சின்ன மோர்ஸ் நிமிர்ந்து பார்க்கும்போது அதுல தெரியுற கண்ணு அவனோடது இல்ல, ஜான் தாவோடது. 2002லயே இறந்து போனவரு. டெக்ஸ்டரும் 2017ல போயிட்டாரு, ஆனா அதுக்கப்புறம் வந்த எபிசோட்லயும் படமா எங்கயாவது இருப்பாரு, தேடுறதை நிறுத்தாதீங்க. கடைசி எபிசோட் முடியும்போது மட்டும் ரிமோட்டைக் கீழ வச்சிட்டு, எதிர்ல வர்ற கார் என்ன கலர்னு பாருங்க.